ஐந்தாவது அமைச்சகம்

மூணாறை அடுத்த மாட்டுப்பட்டி, அணைக்கட்டுக்கு மட்டுமன்றி மாட்டுப் பண்ணைக்கும் பெயர் பெற்ற ஊர். 1963-இல் இந்திய, சுவிட்சர்லாந்து அரசுகளின் ஒத்துழைப்போடு அங்கு தொடங்கப்பட்ட திட்டம்தான் "சுனந்தினி" என்கிற கலப்பினப் பசுவைக் கேரளத்துக்குத் தந்தது. கலப்பின ஆராய்ச்சியும் தீவனப் பயிர் வளர்ப்பும் ஒரே திட்டத்துக்குள் இடம்பெற்றன. அதே மலையில், தேயிலைத் தோட்ட லயங்களில் வளரும் ஆறு வயதுக்கு உள்பட்ட குழந்தைகளுக்கு அத்தகைய ஒருங்கிணைப்பு வாய்த்திருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பதுதான் பதில்.

இந்த லயங்களில் வாழ்வோரில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக அங்கு உழைக்கும் தமிழர்கள். கொழுந்து பறிப்பவர்களோ பெரும்பாலும் பெண்கள். காலையில் மலையேறும் தாய் மாலையில்தான் வீடு திரும்ப முடியும் என்பதால்தான், குழந்தைகள் காப்பகம் அமைப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கியது 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம். அச்சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், 50 தொழிலாளர்களுக்குக் குறையாத தோட்டங்களுக்கு இதே கடமையை விதிக்கிறது.

மறுபுறம், 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், இன்று அங்கன்வாடிகளாக நாடெங்கும் பரவியிருக்கிறது. 14 லட்சம் மையங்கள் வேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. ஆனால், மூன்று வயதுக்கு உள்பட்ட குழந்தைக்கு அங்கன்வாடி தருவது வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சத்துமாவுதானே தவிர, நாள் முழுவதுமான பராமரிப்பு அல்ல. காப்பகம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும். கற்பிக்கும் பொறுப்பு அதற்கில்லை.

அங்கன்வாடி மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் பொறுப்பு. தடுப்பூசி சுகாதார அமைச்சகத்துடையது. முன்பருவக் கல்வியில் கல்வி அமைச்சகத்துக்குப் பங்குண்டு. காப்பகமோ தொழிலாளர் நலச் சட்டத்தின்கீழ் வருகிறது. தாய்க்கு அது ஒரே குழந்தை. தில்லிக்கு நான்கு கோப்புகள்!

மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நிகழ்ந்துவிடுகிறது என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை. அதற்காகக் கல்வி, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு, சுகாதாரம், பழங்குடியினர் நலம் ஆகிய நான்கு அமைச்சகங்களின் கூட்டுப் பணிக்குழுவையும் அது பரிந்துரைத்தது. பாராட்டுக்குரிய பரிந்துரைதான். ஆனால், அந்தப் பட்டியலில் தொழிலாளர் நல அமைச்சகம் இல்லை. தோட்டத்திலும் கட்டுமானத் தளத்திலும் செங்கல் சூளையிலும் உழைக்கும் தாய்மார்களின் குழந்தைகளைப் பற்றிப் பேச, அந்த மேஜையில் ஆளில்லை என்பதுதான் இதன் பொருள்.

பால்னா திட்டத்தின்கீழ் 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகத்துடன் கூடியவையாக அமைக்க மத்திய அரசு இலக்கு வைத்தது. அரசுத் திட்டங்களைப் பயன்படுத்தியும் தோட்ட நிர்வாகம் தனது கடமையை நிறைவேற்றலாம் என்று புதிய சட்டத் தொகுப்பு இடமளிக்கிறது. இது கூட்டு முயற்சிக்கான வாசலாகவும் அமையலாம். நிர்வாகங்கள் செலவை அரசின் தலையில் கட்டிவிட்டு நழுவும் கொல்லைப்புற வழியாகவும் மாறலாம். யார் எதற்குப் பொறுப்பு என்பதை விதிகளில் தெளிவாக எழுதிவிட்டால் இரண்டாவது ஆபத்தைத் தவிர்த்துவிட முடியும்.

கட்டடமும் ஆயாவின் ஊதியமும் நிர்வாகத்தின் பொறுப்பாக இருக்கட்டும். உணவையும் பயிற்சி பெற்ற பணியாளரையும் அங்கன்வாடித் திட்டம் தரட்டும். எடை பார்ப்பதும் தடுப்பூசி போடுவதும் அதே கூரையின்கீழ் நடக்கட்டும். மையத்தின் நேரம் அலுவலக நேரமாக இல்லாமல், கொழுந்து பறிக்கும் நேரமாக இருக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்குத் தமிழறிந்த பணியாளர் வேண்டும் என்பதையும் சலுகையாகக் கருதக்கூடாது. தாய்மொழிவழித் தொடக்கக் கல்வியை வலியுறுத்தும் அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவின் நோக்கம், அதற்கு முந்தைய பருவத்துக்கும் பொருந்துவதுதான் நியாயம்.

2015 செப்டம்பரில் போனசும் கூலி உயர்வும் கேட்டு மூணாறையே ஸ்தம்பிக்க வைத்தவர்கள் இந்தப் பெண்கள்தான். பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்கிற நிம்மதியும் அவர்களது உழைப்புக்கு உரிய கூலியின் ஒரு பகுதியே.

நான்கு அமைச்சகங்கள் அமரும் மேஜையில் ஐந்தாவதாக ஒரு நாற்காலி போடுவதற்குப் பெரும் நிதி தேவையில்லை, மனம்தான் தேவை. மாட்டுப்பட்டியில் கன்றுகளுக்காக இரண்டு நாடுகள் கைகோத்தன. குழந்தைகளுக்காக ஐந்து அமைச்சகங்கள் கைகோக்க முடியாதா, என்ன?