டாமி வெர்செட்டியின் மாளிகையும் நாபோத்தின் திராட்சத்தோட்டமும்



சில மாதங்களுக்கு முன் நம்மவர்கள் அதிகமாய்க் குடியிருக்கும் ஒரு நகரத்தில் வீட்டு ஜெபக்கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்ததும் அந்த வீட்டுச் சகோதரி என்னைத் தனியே அழைத்து, "பாஸ்டர், என் மகனைப் பிடித்திருக்கிற பிசாசைத் துரத்தி ஜெபியுங்கள்" என்றார். அவர் பிசாசு என்று சொன்னது, 14 வயது மகனின் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டை. நான் உடனே ஜெபிக்கவில்லை. அந்தத் தம்பியின் அருகே பாயில் உட்கார்ந்து, "எனக்கும் காட்டு" என்றேன். ஒரு மணி நேரம் ஆர்வத்தோடு காட்டினான். அவனிடம் யாரும் அதுவரை கேட்டதில்லையாம்.

அது ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையில் 2002-ல் வெளிவந்த ‘வைஸ் சிட்டி’. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலுள்ள ராக்ஸ்டார் நார்த் நிறுவனத்தார் உருவாக்கியது. முன்பு பிரௌசிங் சென்டர்களில் நம் வாலிபர் பலர் காசு கொடுத்து ஆடியது இதைத்தான். 2012-ல் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. பிரிட்டனில் 18 வயது நிரம்பாதவருக்கு இதை விற்கலாகாது என்று அட்டையிலேயே முத்திரை உண்டு. நம் வீடுகளில் அந்த முத்திரையைத் தேடிப் பார்த்தவர் எத்தனை பேர்?

கதை 1986-ல், அமெரிக்காவின் மயாமியைப் போலச் சித்திரிக்கப்பட்ட ஒரு கடற்கரை நகரத்தில் நடக்கிறது. டாமி வெர்செட்டி என்பவன் 15 ஆண்டு சிறையிருந்து வெளியே வருகிறான். லிபர்ட்டி சிட்டியின் கும்பல் தலைவன் சானி ஃபொரெல்லி அவனைப் போதைப்பொருள் வாங்க அனுப்புகிறான். வாங்கும் இடத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து, பணமும் போகிறது, சரக்கும் போகிறது. அதைத் தேடிப் புறப்படுகிறவன், தேடிய பொருளோடு திருப்தியடைவதில்லை. ரிக்கார்டோ டயஸ் என்ற கடத்தல்காரனிடம் வேலைக்குச் சேர்ந்து, பிறகு லான்ஸ் வான்ஸ் என்ற கூட்டாளியோடு சேர்ந்து அவனை அவனுடைய மாளிகையிலேயே கொன்று, அந்த மாளிகையைத் தனதாக்கிக்கொள்கிறான். அதன்பின் கடைக்காரரை மிரட்டிக் காசு வாங்குவதும், டாக்சி நிறுவனம், ஐஸ்கிரீம் நிறுவனம், இரவு விடுதி என ஒவ்வொன்றாய் வளைத்துப்போடுவதும் நடக்கிறது. ஐஸ்கிரீம் வண்டியில் விற்பது ஐஸ்கிரீமை அல்ல என்பதைத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஓர் இடத்தில் மட்டும் என் மனம் நின்றுவிட்டது. டாமி ஓர் அச்சகத்தை வாங்குகிறான். அங்குள்ள முதியவரிடம், தன் தகப்பன் அச்சகத்தில் வேலை செய்தவர் என்றும், மாலைவேளைகளில் அவரோடு உருளைகளைத் துடைத்ததாகவும், அந்தத் தொழிலுக்கே போக எண்ணியிருந்ததாகவும் சொல்கிறான். இரண்டொரு வாக்கியம்தான். பிறகு அதே அச்சகத்தில் கள்ளநோட்டு அச்சடிக்கிறான். தகப்பனுடைய கையில் சோறு போட்ட இயந்திரம், மகனுடைய கையில் திருட்டுக்குக் கருவியாயிற்று. எழுதியவர்கள் இதை எந்த எண்ணத்தோடு வைத்தார்களோ தெரியாது. தம்பியைக் கேட்டேன், அந்தப் பேச்சை அவன் ஒருமுறையும் கேட்டதில்லை, தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவானாம்.

தவறு செய்தால் திரையின் மேலே நட்சத்திரங்கள் தோன்றும்; ஆறு வரை ஏறும்; ஆறானால் இராணுவமே வரும். ஆனால் காருக்கு வேறு வண்ணம் பூசிவிட்டால் நட்சத்திரம் மறைந்துவிடும். போலீஸ் பிடித்தால் ஆயுதமும் கொஞ்சம் பணமும் போகும், உடனே காவல் நிலைய வாசலில் நிற்கிறான். செத்தால் மருத்துவமனை வாசலில் நிற்கிறான். சாலையில் அடிபட்டு விழுந்தவனோ சற்று நேரத்தில் காணாமற்போகிறான். அவன் பணம் மாத்திரம் அங்கே கிடக்கிறது. அவனைத் தேடி ஒரு மனைவியும் வருவதில்லை.

கடைசியில் சானி தன் பங்கைக் கேட்டு மாளிகைக்கே வருகிறான். லான்ஸ் காட்டிக்கொடுக்கிறான். டாமி இருவரையும் கொன்றுவிடுகிறான். மிஞ்சியிருப்பது அவனும் அவனுடைய வக்கீலும். "இனி என்ன?" என்றேன். "இனி ஒன்றுமில்லை பாஸ்டர், சும்மா சுற்றலாம்" என்றான் தம்பி.

அப்பொழுது அவனுக்கு ஆகாபின் கதையைச் சொன்னேன். 1 இராஜாக்கள் 21-ம் அதிகாரம் நீங்கள் அறிந்ததே. அரண்மனையுள்ள ராஜாவுக்கு, அதற்கு அடுத்திருந்த திராட்சத்தோட்டம் வேண்டியிருந்தது. நாபோத் அதைத் தன் பிதாக்களின் சுதந்தரம் என்று மறுத்தான். யேசபேல் ராஜாவின் முத்திரையோடு நிருபம் எழுதி, பொய்ச்சாட்சிகளை நிறுத்தி, அவனைக் கல்லெறிந்து கொல்லச் செய்தாள். சட்டப்படி எல்லாம் ஒழுங்காகவே முடிந்தது. ஆனால் ஆகாப் தோட்டத்தில் கால் வைக்கும்போது அங்கே எலியா வந்து நிற்கிறான். "டாமியின் மாளிகைக்கு அப்படி யாராவது வருவார்களா?" என்று கேட்டேன். தம்பி யோசித்துவிட்டு, "வந்தால் சுட்டுவிடலாம்" என்றான். தாயார் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. நம் சபைகளில் சாட்சி நேரத்தில் ஒருவர் இரண்டாவது அறை வாங்கினேன் என்றால் அல்லேலூயா சொல்லுகிறோம். எப்படி வாங்கினீர்கள் என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

இதற்குள் வேலையிலிருந்து தகப்பனார் வந்து, கதவருகே நின்று கதையின் பாதியைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பேருந்து நிறுத்தம் வரை வழியனுப்ப வந்தவர், பாதிவழியில் தாமாகவே பேசினார். (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆகையால் ஊரைச் சொல்லவில்லை.) பக்கத்து அறை ஒரு வயதான விதவைத் தாயாருடையது. மருத்துவச் செலவுக்கு 40,000 ரூபாய் கடன் கொடுத்து, திருப்பித் தராவிட்டால் அறை தமக்கே என்று எழுதி வாங்கியிருந்தார். தவணை முடிய இரண்டு மாதம் இருந்தது. "இங்கே எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், ஐயா. மகனுக்குப் படிக்க ஓர் இடம் வேண்டாமா?" என்றார்.

"அந்தத் தாயாருக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கைநாட்டு" என்றார். பேருந்து வரும்வரை இருவரும் பேசவில்லை.

அந்தச் சகோதரிக்கு நான் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: கைப்பேசியைப் பிடுங்கி உடைக்க வேண்டாம், இந்த விளையாட்டை நீக்குங்கள், ஆனால் நீக்குமுன் தகப்பனார் ஒருநாள் அவனருகே உட்கார்ந்து அந்த அச்சகக் காட்சியை முழுவதும் பார்க்கட்டும். பார்த்தார்களாம். மகன், "அப்பா, உங்கள் அப்பா என்ன வேலை செய்தார்?" என்று கேட்டானாம்.

பத்து நாள் கழித்துத் தகப்பனார் தொலைபேசியில் அழைத்தார். எலியாவின் வார்த்தையைக் கேட்டபின் ஆகாப் என்ன செய்தான் என்று விசாரித்தார். வஸ்திரத்தைக் கிழித்து, இரட்டுடுத்தி, உபவாசித்தான். கர்த்தரும் அதைக் கண்டார் என்றேன். "தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தானா?" என்றார். அதைக் குறித்து வேதத்தில் எழுதியிருக்கவில்லை என்றேன்.

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகிறேன், ஐயா. மகனையும் அழைத்துப் போகிறேன். நீங்களும் கூட வரமுடியுமா?" என்றார்.

வருகிறேன் என்றேன்.