ஜாஸும் தோடியும்

ஜாஸ் சங்கீதத்தை வெறுங் கூச்சலென்று இகழும் நண்பர்க்கு ஒரு வார்த்தை. எடுத்த மெட்டை அவ்வக் கணத்தே தம் மனோதர்மத்தால் வளர்த்தலே அதன் உயிர். நம் நாகசுர வித்துவான்கள் இராக ஆலாபனம் புரிவதும் அதுவன்றோ?

கத்ரி கோபால்நாத் ஸாக்ஸபோனிற் கர்நாடக சங்கீதம் வாசித்தார். 1994-இல் வெளிவந்த 'டூயட்' படத்தால் அவ்வோசை ஊர்தோறும் பரவிற்று. (திரையில் வாசித்தவர் பிரபு, மூச்சு கோபால்நாத்துடையது.) மகிழ்ச்சியே. ஆயினும் படப்பாட்டு அளந்து தைத்த சட்டை. அதனுள் வித்துவான் கைவீச இடமில்லை.

பெண்ணாடத்துக் கலியாணங்களிலோ, தோடி முளைக்குமுன்னரே சினிமாப் பாட்டுக்குச் சீட்டு நீட்டுகின்றோம். சென்ற தையில், பிரளயகாலேசுவரர் கோயிலருகே நடந்த மணத்தில், முதிய நாகசுரக்காரர் ஒருவர் சீட்டைப் பாராமலே தோடியைத் தொடர்ந்தார். பலர் முகஞ் சுளித்தனர். யான் பந்திக்கு எழவில்லை.