மண்ணின் கணக்கும் நீரின் வழியும்

சாலை, குழாய்வழி முதலிய நெடுந்திட்டங்களுக்குச் சாதாரண மண்ணைச் சுற்றுச்சூழல் முன்அனுமதியின்றி எடுக்கலாம் என்று, நாடு ஊரடங்கில் முடங்கிக் கிடந்த 2020 மார்ச் 28 அன்று மத்திய அமைச்சகம் அளித்த விலக்கை, அளவுக்கு வரம்பில்லை, பொதுமக்களின் கருத்தும் கேட்கப்படவில்லை என்னும் காரணங்களால், உச்சநீதிமன்றம் 2024 மார்ச் 21-இல் ரத்து செய்துவிட்டது. பட்டா நிலக் குளங்களைத் திட்டமிடும் நாம் இத்தீர்ப்பை வரவேற்க வேண்டும் என்பதே இவ்விதழின் அபிப்பிராயம்.

‘மண் எனக்கு, குளம் உங்களுக்கு’ என்று, சாலைக்கு மண் தேடி வரும் ஒப்பந்தக்காரர் சொல்ல, செலவின்றிக் காரியம் முடிகிறதே என்று நிலத்துக்காரர் இசைந்துவிட்டால், பொக்லைன் இறங்கிய பின் நம் வரைபடத்தை யார் பார்க்கிறார்கள்? மாகறலில், செய்யாற்றங்கரையை அடுத்த வயலொன்றில், 30 மீட்டர் சதுரம், 2 மீட்டர் ஆழம், ஒன்றரைக்கு ஒன்று கரைச்சரிவு, ஆக 1,464 கன மீட்டர் என்று நாம் வரைந்து தந்த குட்டை, 4 மீட்டருக்குச் செங்குத்தாகத் தோண்டப்பட்டு, களிமண் படுகை கிழிந்து, அடியில் ஆற்றுமணல் பளிச்சிடக் கிடந்தது. ஐப்பசியில் நிரம்பிய நீர் மார்கழி பிறக்குமுன் வடிந்துபோயிற்று.

படுகையையாவது மீண்டும் களிமண் பரப்பி, மிதித்துச் சீர்ப்படுத்தலாம். ஏரிக் கலங்கலிலிருந்து அக்குட்டைக்கு இறங்கிய வரத்துக்கால் மனைப்பிரிவின் தெருவாகிவிட்டதற்கு என்ன பரிகாரம்? அதைச் சொல்ல ஓர் அலுவலகத்தின் படிகளை மூன்று முறை ஏறினோம். புல எண் கேட்டார்கள், பட்டா நகல் கேட்டார்கள், எத்தனை லோடு மண் என்று கேட்டார்கள். நீர் எவ்வழி வரும் என்று ஒருவரும் கேட்டாரில்லை. நாமே சொல்லப் புகுந்தபோது, விண்ணப்பத்தில் அதற்குக் கட்டமில்லை என்று விடை வந்தது. இதே காஞ்சி மண்டலத்தில், கூரம் செப்பேட்டில் பரமேசுவர தடாகத்தைக் குறித்த பல்லவ சாசனம், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகுக் காலையும் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் ஒரு கால்வாய்க்குச் செப்பேட்டில் கிடைத்த இடம், இன்று அச்சடித்த படிவத்தில் கிடைக்கவில்லை! மண்ணுக்கு உரிமத்தொகை உண்டு, நடைச்சீட்டு உண்டு. நீருக்கு வரும்படி இல்லையாதலால் அதன் வழியைப் பற்றி அதிகாரிகளுக்கு விசாரமும் இல்லை போலும்.

ஆகவே அன்பர்களே, குளத்தை வரையுமுன் புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மழை பெய்யும் நாளொன்றில் வரத்துக்காலின் தலைப்புவரை நடந்து பாருங்கள். அதை முதலிலும் குளத்தைப் பின்னரும் வரையுங்கள். குழி மட்டும் போதும் என்பாரிடம் படத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வருவதே நம் தொழிலுக்கு மரியாதை.