பிடிவாதம் என்று பெயர் பெறும் துயரம்

மனநோய் என்பது வசதி படைத்தோருக்கும் நகரத்தாருக்கும் வருவது, உடல் வருந்த உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளை அது அண்டாது என்னும் நம்பிக்கை, படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடின்றித் தமிழ்ச் சமூகத்தில் பரவிக் கிடக்கிறது. அண்டாது என்று சொல்லப்பட்ட அதுவே உழைக்கும் வீட்டு இளைஞன் ஒருவனையோ இளம்பெண் ஒருத்தியையோ கண்ணெதிரே முடக்கிப்போடும்போது, அதற்கு வேறு பெயர் தேடவேண்டியதாகிறது. பையன் என்றால் சோம்பல், பெண் என்றால் திமிர், இரண்டுக்கும் அடங்காவிட்டால் காத்துக் கருப்பு. 'பணக்கார நோய்' என்ற ஏளனமும் 'பேய் பிடித்திருக்கிறது' என்ற அச்சமும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையே. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அகம் என்று ஒன்று உண்டு, கையும் காலும் நோவதுபோல அதுவும் நோகும் என்பதை ஒப்புக்கொள்ள இரண்டுமே மறுக்கின்றன.

இந்த மறுப்பைத் தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் வளர்த்துவந்திருக்கிறது. 2005இல் வெளியான 'அந்நியன்' படத்தின் வழக்கறிஞனுக்கும், அதே ஆண்டின் 'சந்திரமுகி'யில் அரண்மனை வாங்கிக் குடியேறும் வீட்டு மருமகளுக்கும், 2012இல் வந்த '3' படத்தின் தொழிலதிபர் மகனுக்கும் நோயின் பெயர் சொல்ல ஒரு மருத்துவர் வருகிறார். 2004இல் வெளியான 'காதல்' படத்தில், பெண்ணின் சாதிக்காரர்களிடம் அடிபட்டுச் சித்தம் கலங்கும் இருசக்கர வாகன மெக்கானிக்கோ பெயரில்லாத பைத்தியமாகத் தெருவில் திரிகிறான். அந்தப் படத்தின் கோபம் நியாயமானது, அதை எடுத்தவர்களின் நேர்மையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, வசதியுள்ளவனுக்கு நோயும் இல்லாதவனுக்குக் கதியும் என்ற பங்கீடு தெளிவாகத் தெரிகிறது.

பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கொட்டுக்காளி' இந்தப் பங்கீட்டை மறுத்த படம். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்ற 'கூழாங்கல்' படத்துக்குப் பின் அவர் எடுத்த இந்தப் படம், 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. மீனா என்னும் இளம்பெண் (அன்னா பென்) ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவனை விரும்புகிறாள். அவன் ஏதோ வைத்துவிட்டான், அவளைப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பும் குடும்பத்தார், அவளை மணக்க உரிமை கொண்ட முறைமாமன் பாண்டியின் (சூரி) தலைமையில் ஆட்டோவிலும் பைக்குகளிலுமாகப் பேயோட்டும் பூசாரியிடம் அழைத்துச் செல்கிறார்கள். கதை இவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது. வண்டிச் சத்தமும் காற்றும் மனிதர் பேச்சுமே ஒலி.

கொட்டுக்காளி என்பது அடங்காத பெண்ணை, பிடிவாதக்காரியைக் குறிக்கும் வசைச்சொல். ஆனால் படம் முழுதும் மீனா எதையும் உடைப்பதில்லை, கத்துவதில்லை, ஏறக்குறையப் பேசுவதுகூட இல்லை. ஆட்டோவின் உள்ளே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எங்கோ ஒலிக்கும் பாட்டை அவள் வாய்க்குள் முணுமுணுத்தபோது, பாண்டி பாய்ந்து வந்து அவளையும் தடுக்க வந்த பெண்களையும் அடித்து நொறுக்குகிறான். அடித்தவனைப் பேய் பிடித்தவன் என்று யாரும் சொல்வதில்லை. பேசாமல் இருந்தவளுக்குத்தான் பேய். பாண்டிக்கோ தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் எல்லோரையும் ஏவிக்கொண்டே வருகிறான். பலிக்காக உடன் கொண்டுசெல்லப்படும் சேவலின் காலில் கயிறு இருக்கிறது. வழியை மறித்து நிற்கும் மாட்டின் முன்னே ஆண்கள் செய்வதறியாது நிற்க, ஒரு சிறுமி வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். விளக்கவுரை ஏதுமின்றி இவற்றை அடுக்கிவைக்கும் இயக்குநரின் அடக்கம், இந்தப் பொருளுக்குத் தேவையான அடக்கம்.

மீனாவுக்கு நோயே இல்லையே, அவள் காதலில் உறுதியாக இருப்பவள்தானே என்று கேட்கலாம். கேள்வி சரியானது. காத்துக் கருப்பு நம்பிக்கையின் கேடு அங்கேதான் முழுமையாக வெளிப்படுகிறது, ஏனென்றால் அந்த நம்பிக்கைக்குத் துயரத்தையும் எதிர்ப்பையும் நோயையும் பிரித்தறியும் திறன் கிடையாது. விருப்பமில்லாத திருமணத்தை எதிர்த்து வாய்மூடியிருக்கும் பெண்ணும், மனச்சோர்வு நோயில் சொல் எழாமல் கிடக்கும் பெண்ணும், மனச்சிதைவின் தொடக்கத்தில் பிறர் காதில் விழாத குரல்களைக் கேட்டு மிரண்டு ஒதுங்கும் பெண்ணும் அதன் கண்ணுக்கு ஒருத்தியே. முதலாமவளுக்குத் தேவை காதுகொடுத்துக் கேட்பவர்கள், மற்ற இருவருக்கும் தேவை மருத்துவம். மூவருக்கும் கிடைப்பது வேப்பிலை அடி.

மதுரைப் பக்கத்தில் நிகழும் இந்தக் கதையைச் சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து பார்ப்பது வலிந்த ஒப்பீடு ஆகாது. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டின் கரைக் குப்பங்களில் வேலைக்குப் போவதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. 'தொழிலுக்குப் போறது' என்பதே வழக்கு. தொழிலுக்குப் போகாதவன் என்பது அங்கே ஒருவனைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகக் கடுமையான சொற்களில் ஒன்று. அந்தக் கடுமைக்கு ஒரு பொருளியல் காரணம் உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறைகளாக நிலவும் 'பாடு' என்பது, இறால் நிறைந்த நீர்ப்பகுதிகளில் வலைகட்டும் உரிமையை ஊருக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் என்று முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவதால் சண்டை குறைகிறது, வலியவன் எளியவனைத் தள்ளிவிட முடிவதில்லை. பொதுவளத்தைப் பகிர்வதில் இவ்வளவு நுட்பமான ஒழுங்கை வகுத்த மக்களின் அறிவு வணங்கத்தக்கது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கும் இடத்தில் அதைத் தவறவிடுவதற்கும் விலை உண்டு. தன் முறை வந்த இரவில் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பையனால் அந்த வீட்டுக்கு ஏற்படுவது உடனடி இழப்பு. இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் எதிலும் நாட்டமும் அற்றுப்போய், தலைபாரம் என்றும் மார்படைப்பு என்றும் உடல்வலியாகவே வெளிப்படக்கூடிய மனச்சோர்வு நோய், அந்த இழப்பின் வெளிச்சத்தில் 'ஒடம்பு வளையல' என்பதாகத்தான் தெரியும். 'தொழிலுக்குப் போனா எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லும் தகப்பன் கொடியவன் அல்லன். நோய்க்கு வேறு சொல் அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

கடற்காற்றும் உழைப்பும் ஊர்க்கூட்டமும் இருக்கும் இடத்தில் மனம் எப்படி நோகும் என்று கேட்பவர்கள், அந்தக் கரையின் நிலவரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஏரியைக் கடலோடு இணைக்கும் முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபடும்போது நீரின் உப்புத்தன்மை மாறி இறால் வரத்து குறைகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் மீன்பிடிக்கப் போகக்கூடாது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டம் கரையையே அரித்துவிடும் என்ற அச்சம் ஆண்டுக்கணக்காக நீடிக்கிறது. 'பாடு' உரிமை உள்ள குடும்பத்துப் பையனுக்கே நாளை என்ன என்று தெரியாதபோது, அந்த உரிமையே இல்லாமல் கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர் வீட்டுப் பெண்ணின் நிலையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய நிலையின்மை மனத்தைத் தொடாது என்பதற்குத்தான் சான்று தேவை.

மனநோய் நகரத்தாருக்கே வருவது என்ற நம்பிக்கையின் பக்கம் உள்ள வலுவான சான்றையும் மறைக்க வேண்டியதில்லை. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. பெருநகரங்களில் அது 13.5, ஊரகப் பகுதிகளில் 6.9. நகரத்தில் கூடுதல் என்பது உண்மையே. ஆனால் 6.9 என்பது, 100 பிள்ளைகள் படிக்கும் ஊர்ப் பள்ளியில் ஏழு பேர். அந்த ஏழு பேரும் இல்லவே இல்லை என்று நம்பிக்கை சொல்கிறது. குறைந்த வருவாய்ப் பிரிவினரிடம் மனநோய் மிகுதி என்றும், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநோய்கள் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றும் அதே ஆய்வு கூறியது. ஆகவே பணக்காரனிடம் கூடுதலாக இருப்பது நோய் அன்று. மருத்துவரிடம் போகும் வழியே அவனிடம் கூடுதலாக இருக்கிறது.

பேயோட்டுதலை எதிர்ப்பது இறைநம்பிக்கையை இகழ்வதாகாது. கோயிலிலோ தர்காவிலோ தங்கியிருப்பதில் நோயுற்றவருக்கும் உடன் வந்தவருக்கும் கிடைக்கும் ஆறுதல் மெய்யானது. குற்றம் ஆறுதலில் இல்லை. அடியிலும் சங்கிலியிலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலத்தாழ்விலும் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி இயங்கிய தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பியோட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் எழுதிவைத்தது. சங்கிலி சட்டத்தால் போய்விடலாம். 'கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்' என்ற சொல்லைச் சட்டம் தொடாது. அந்தச் சொல்லால் மனச்சிதைவு முற்றிய பிறகே சிகிச்சைக்கு வந்துசேரும் பெண்களையும், கணவன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் சட்டம் காப்பாற்றாது.

வழி இல்லாமலும் இல்லை. கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது; மாவட்ட மனநலத் திட்டம் 1996இலிருந்தே நடப்பில் இருக்கிறது; 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வலை பின்னிக்கொண்டிருக்கும் கையிலும் இன்று கைபேசி உண்டு. ஆனால் தன் வீட்டில் நடப்பது நோய் என்று ஒப்புக்கொள்ளாதவர் எந்த எண்ணையும் அழுத்தமாட்டார், ஆகவே நம்பிக்கையை எதிர்க்கும் வேலை மருத்துவமனைக்கு வெளியே நடந்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் படத்தைத் திரைப்பட விழாக்களோடு நிறுத்தியிருக்க வேண்டும், திரையரங்குக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாது என்ற கருத்து 'கொட்டுக்காளி' வெளியான நாட்களில் திரையுலகத்துக்குள்ளிருந்தே எழுந்தது. மீனாவின் குடும்பத்தைப் போன்ற குடும்பங்கள் இருப்பது பெர்லினில் இல்லை.

படத்தின் இறுதியில் அவர்கள் பூசாரியின் இடத்தை அடைகிறார்கள். முன்னால் வந்த இன்னொரு பெண்ணுக்குச் சடங்கு நடந்துகொண்டிருக்கிறது. பேயோட்டுவதாகச் சொல்லி அவள் உடல்மீது அத்துமீறும் அந்தக் கையைப் பாண்டி பார்க்கிறான். வழியெல்லாம் ஏவியும் அடித்தும் வந்தவனின் முகம் மாறுகிறது. அடுத்த முறை மீனாவுடையது. தொண்டையில் சுண்ணாம்பு காய்ந்திருக்க அவன் உட்கார்ந்திருக்கிறான். வேண்டாம் என்ற ஒரு சொல்லை அவன் சொன்னானா என்று காட்டாமலே படம் நின்றுவிடுகிறது.