ஒரு விதி, பல பக்கங்கள்



திருமண அழைப்பிதழ் அச்சிடுவோரிடம் ஓர் அமைப்பு எப்போதும் ஆயத்தமாக இருக்கும். பெயரும் நாளும் மட்டுமே மாறும். மணமகனின் பாட்டனார் வாழ்ந்திருப்பின் 'திரு' என்றும், மறைந்திருப்பின் 'காலஞ்சென்ற' என்றும் பெயருக்கு முன் இடுவர். இவ்விதியை ஒவ்வோர் அழைப்பிதழுக்கும் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அச்சுக் கோப்பவரின் உள்ளத்திலேயே அது இருக்கிறது. இணையதளம் அமைப்போர் இத்தகைய விதிகளையே கணிப்பொறிக்குக் கற்பிக்கின்றனர்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இவ்வமைப்புக்கு 'வார்ப்புரு' என்று பெயர். ஒருமுறை எழுதி வைத்தால் எத்தனை பக்கங்களிலும் பெயர் சொல்லி அழைத்துக் கொள்ளலாம். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் 'இருந்தால் இது, இன்றேல் அது' என்று சொல்லும் வசதி முதலில் இல்லை. தொண்டர்கள் வார்ப்புருவுக்குள் வார்ப்புருவை நுழைத்துச் சமாளித்தனர். 2006-இல் அவ்வசதி வந்தது. 2013 முதல், பிரேசில் நாட்டில் பிறந்த லுவா என்னும் நிரல்மொழியிலும் இவ்விதிகளை எழுதுகின்றனர்.

நம் தீவுகளையே எடுத்துக்கொள்வோம். மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் பொதுவாக ஒரு தகவற்பெட்டி அமைக்கிறோம். அதில் 'சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கை' என்பது ஒரு வரி. அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றம் இல்லை. 'ஒன்றியப் பகுதியாயின் இவ்வரியை விடுக' என்று விதி செய்தால் நமக்குப் பொருந்தும். சட்டமன்றம் உள்ள புதுச்சேரிக்கும் டெல்லிக்கும் பிழையாகும். 'எண்ணிக்கை தரப்பட்டிருந்தால் காட்டுக' என்பதே நேரிய விதி. எதை அறிய வேண்டுமோ அதனையே வினவ வேண்டும். அதன் அருகே நிற்பதை வினவலாகாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மீடியாவிக்கியின் எளிய நிபந்தனை, இடம் வெறுமையா என்பதை மட்டுமே பார்க்கும். '0' என்று இட்டாலும் அது வெறுமையன்று, வரி தோன்றிவிடும். இல்லாததற்கு இடத்தை வெறுமையாக விடுதலே முறை.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்படுவதாக நடுவண் அரசு அறிவித்தது. ஊர்ப் பெயரை ஒரு வார்ப்புருவில் வைத்திருந்தால், நூறு பக்கங்களுக்கும் ஒரே திருத்தம் போதும். ஆனால் இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். 1943 டிசம்பர் 30-இல் நேதாஜி கொடியேற்றியது போர்ட் பிளேரில். அப்பக்கத்திலும் பெயர் மாறிவிட்டால் வரலாறு குழம்பும். ஆகவே, 'நிகழ்ச்சி அறிவிப்புக்கு முந்தியதாயின் பழைய பெயர், பிந்தியதாயின் புதிய பெயர்' என்று விதி நாளைக் கேட்க வேண்டும். நம் பெரியோர் கப்பலில் வந்து இறங்கிய துறைமுகத்தை அவர்கள் அறிந்த பெயராலேயே குறிப்பது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையுமாகும்.

விதி ஒன்று பல பக்கங்களை ஆள்வதால், அதன் பிழையும் பல பக்கங்களில் பரவும். முதலில் தனியே சோதித்துப் பார்த்தே பயன்படுத்த வேண்டும். தளம் அமைக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல்: விதியை முன்னதாகத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். வாக்கியம் தெளிந்தால் நிரலை எழுதுவதும் எளிதாகும்.