தோல் ஷாப் நம்முடையது, தொழில்நுட்பம் யாருடையது?



விடிந்தும் விடியாத வேளையில் பள்ளிகொண்டா நெடுஞ்சாலை ஓரமாகச் சற்று நின்று பாருங்கள். ஆம்பூர் பக்கம் போகும் ஷூ கம்பெனி பஸ்கள் வந்து நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. எதிரே டீக்கடை பெஞ்சில் நம் வீட்டுப் பையன்கள் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் பி.காம். முடித்தவன். இன்னொருவன் பத்தாவதோடு நின்றவன். கேட்டால் இருவரும் சொல்வது ஒன்றுதான்: "வேலை இல்லை பாய்!" கம்பெனி முதலாளியைக் கேட்டால் அவர் சொல்கிறார்: "ஆள் கிடைக்கவில்லை பாய்!"

இருவருமே பொய் சொல்லவில்லை. பையன் கற்றது முதலாளிக்குத் தேவைப்படவில்லை. முதலாளிக்குத் தேவையானதைப் பையன் கற்கவில்லை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறோம்.

நம் பகுதித் தோல் தொழிலின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றி நம் முன்னோர் வாழ்ந்தார்கள். 1972-இல் சீதாராமையா குழு அறிக்கை தந்தது. அதையொட்டி 1973 முதல் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. 'தொழில் முடிந்தது' என்று பலர் தலையில் கைவைத்தார்கள். ஆனால் முழுமையாகப் பதனிட்ட தோல், ஷூ அப்பர், பிறகு முழு ஷூ என்று தொழில் வளர்ந்தது. சாயம், ஃபினிஷிங், பேட்டர்ன் என்று புதுப்புது வேலைகள் பிறந்தன.

1989-இல் பி.சி.பி. என்ற பூஞ்சைக் கொல்லிக்கு ஜெர்மனி தடை போட்டது. 1994-இல் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. 2015 மே முதல் தோலில் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி வகுத்தது. ஒவ்வொரு தடையும் பரிசோதனைக் கூடத்தில் புதிய நாற்காலிகளைப் போட்டது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான செலவைத் தரவேண்டும் என்றது. பாலாறும் நம் கிணறுகளும் கெட்டது உண்மை. அந்தப் பழியை நாம் மறுக்க முடியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், பின்னர் ஆர்.ஓ. இயந்திரங்களும் வந்தன. அவற்றை இயக்கவும் கழிவுநீரைச் சோதிக்கவும் பயிற்சி பெற்றவர்கள் தேவைப்பட்டார்கள்.

இந்த வேலைகளில் எத்தனை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் போயின? உங்கள் கம்பெனியிலேயே எண்ணிப் பாருங்கள். கெமிஸ்ட் எந்த ஊர்க்காரர்? கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுபவர் யார்? தையல் இயந்திரம் நின்றுபோனால் யாருக்குப் போன் செய்கிறீர்கள்? வாசல் பலகையில் நம் பெயர் இருக்கிறது. உள்ளே நுட்பம் தெரிந்தவர் வெளியூர்க்காரராக இருக்கிறார். அவர்மீது நமக்கு வருத்தமில்லை. கற்றவர் வந்தார், வேலையைப் பெற்றார். நாம் ஏன் கற்கவில்லை என்பதே கேள்வி.

கல்விக்கு நம் சமுதாயம் கஞ்சத்தனம் காட்டியதில்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இல் எழுந்தது. மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இல் வந்தது. தோல் வணிகத்தின் வருவாய் இந்தப் பகுதியில் எத்தனையோ வகுப்பறைகளைக் கட்டியிருக்கிறது. ஆனால் பட்டத்துக்குக் கொடுத்த மரியாதையில் பாதியைக்கூடப் பட்டறைக்கு நாம் கொடுக்கவில்லை. "ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான்" என்று சொல்லவே நம் வீடுகளில் வெட்கப்படுகிறார்கள். பெண் கேட்டுப் போகும் இடத்தில் அதை மறைக்கிறார்கள். இந்த வெட்கம் நம்மை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது?

2006-இல் சச்சார் குழு இதைச் சுட்டிக் காட்டியது. முஸ்லிம்கள் அதிகமாக ஈடுபட்டிருக்கும் தொழில்களைக் கருதி ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பயிற்சிகள் அமையவேண்டும் என்றது. மதரஸாவில் படித்தவர்களுக்கும் அந்தக் கதவு திறக்கவேண்டும் என்றது. அந்த அறிக்கையை வைத்து மேடைகளில் நிறையப் பேசினோம். அருகிலுள்ள ஐ.டி.ஐ. முதல்வரைப் போய்ப் பார்த்து, "எங்கள் தொழிலுக்கு இன்ன பயிற்சி வேண்டும்" என்று எத்தனை பேர் கேட்டோம்?

இப்போது அடுத்த திருப்பம் வந்துவிட்டது. செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் பல ஆண்டுகளாக விளையாட்டுக் காலணிகள் செய்கிறது. இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஹோங் ஃபூ நிறுவனத்தின் தோல் அல்லாத காலணி ஆலைக்கும், டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கும் 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மறுபுறம், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மீது 50 சதவீத வரி விதித்தபோது நம் ஏற்றுமதியாளர்கள் பட்ட கவலையை நீங்கள் அறிவீர்கள். ஒரே பொருளை, ஒரே நாட்டை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று அன்று புரிந்தது.

ஆகவே இளைஞனே, உனக்கு ஒரு வார்த்தை. ஒரு கம்பெனியில், ஒரு மேசையில் மட்டும் செல்லுபடியாகும் வேலையைக் கற்றுக்கொண்டு நின்றுவிடாதே. இயந்திரப் பராமரிப்பு, மின்பணி, வெல்டிங், தரப் பரிசோதனை போன்றவை ஷூ கம்பெனி படுத்தாலும் கார் ஆலையில் சோறு போடும். வளைகுடாவுக்குப் போனாலும் எடுபிடி வேலைக்குப் போகாமல் தொழில் தெரிந்தவனாகப் போகலாம். எட்டாவது தேறியவனுக்கும் ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகள் உண்டு. பத்தாவது தேறியவனுக்குப் பிட்டர், எலக்ட்ரீசியன் உண்டு. பன்னிரண்டாவது முடித்தவன் சென்னை கிண்டியிலுள்ள மத்தியக் காலணிப் பயிற்சி நிலையத்தை விசாரிக்கட்டும். எந்தப் பயிற்சியானாலும் சேருமுன் ஒன்றைக் கேள்: "சென்ற ஆண்டு இதை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?" பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பணம் கட்டாதே!

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். ஷூ கம்பெனிகளைத் தாங்கி நிற்பதே பெண்களின் கைகள்தான். ஆயுள் முழுவதும் தையல் மேசையிலேயே அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டுமா? பேட்டர்ன் கணினியும் பரிசோதனைக் கூடமும் அவர்களுக்கும் உரியவை.

வணிகப் பெருமக்களே, உங்களிடமும் கேட்கிறோம். 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் விதிகள்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களைச் சேர்த்தே ஆகவேண்டும். மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. 200 பேர் உள்ள கம்பெனியில் குறைந்தது 5 பேர்! 2016-இல் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. நம் பகுதிக் கம்பெனிகள் எல்லாம் இதை முறையாகச் செய்தால் எத்தனை பிள்ளைகள் தொழில் கற்பார்கள் என்று கணக்குப் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கற்றுவந்தவனுக்கும் கற்காதவனுக்கும் ஒரே கூலி என்றால் எவன் இரண்டு ஆண்டு படிப்பான்? "ஆள் இல்லை" என்று குறைப்படுகிறவர்கள் சான்றிதழுக்குச் சம்பளத்தில் மதிப்புக் கொடுத்துப் பாருங்கள். ஆள் தானாக வருவார். தொட்டியில் இறங்கிப் பாடுபட்ட தலித் சகோதரர்களின் பிள்ளைகளுக்கும் அதே வாய்ப்பைக் கொடுங்கள். அவர்களின் வியர்வையில்தான் இந்தத் தொழில் நிமிர்ந்தது.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் மூன்று காரியங்களை உடனே தொடங்கலாம். மஹல்லாவில் படிப்பை நிறுத்தியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல். சுற்றியுள்ள கம்பெனிகளுக்கு அடுத்த இரண்டாண்டில் என்ன வேலைக்கு எத்தனை பேர் தேவை என்று ஒரு பட்டியல். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஐ.டி.ஐ. முதல்வரிடம் ஒரு சந்திப்பு. பைத்துல்மாலிலிருந்து ஏழைப் பிள்ளைக்கு ஒரு கருவிப்பெட்டி வாங்கிக் கொடுத்தால், அந்தக் குடும்பம் அடுத்த ஆண்டு உங்களிடம் கை நீட்டாது.

1973-இல், 1989-இல், 1996-இல் தொழில் திரும்பியது. ஒவ்வொரு முறையும் முதலாளி தப்பித்தார். பிள்ளைகள் பெஞ்சிலேயே இருந்தார்கள். இந்த முறையும் அப்படியே விட்டுவிடப் போகிறோமா?

ஐ.டி.ஐ. சேர்க்கை ஆண்டுக்கு ஒருமுறைதான். பள்ளிகொண்டா டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரே ஒரு பையனையாவது இந்த ஆண்டு எழுப்பிக் கூட்டிப் போங்கள்.