ரத்தக் காட்டேரிக்கு இன்னும் உயிர் இருக்கா?

2008-ல் 'ட்வைலைட்' படம் வந்தபோதே பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அதில் காட்டேரி ஹைஸ்கூலுக்குப் போகிறது, காதலிக்கிறது, வெயில் பட்டால் வைரமாக ஜொலிக்கிறது. பயம் போனபிறகு காட்டேரிக் கதையில் என்ன இருக்கிறது?

ஆனால், இது லேசில் சாகிற கதை இல்லை. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை (1897) அனுமதி வாங்காமலே 1922-ல் ஜெர்மனியில் 'நோஸ்ஃபெராட்டு' என்று படமாக்கினார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட, பிரதிகளை அழிக்கச் சொல்லிவிட்டது கோர்ட். தப்பிய சில பிரதிகளால்தான் படம் இன்றும் ஓடுகிறது. 2024-ல் ராபர்ட் எக்கர்ஸ் அதைப் புதிதாகவும் எடுத்துவிட்டார். வெயிலில் காட்டேரி செத்துவிடும் என்பதே அந்தப் பழைய படம் கிளப்பிவிட்டதுதான். நாவலில் டிராகுலா பகலிலும் ஜம்மென்று நடமாடுவார்!

2025-ல் வந்த ரையன் கூக்லரின் 'சின்னர்ஸ்' இன்னும் ஒரு படி மேல். 1932, மிசிசிப்பி. பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பின மக்கள் ராத்திரி ஆடிப்பாடக் கூடும் இடம். வாசலில் ஓர் ஐரிஷ் காட்டேரி. யாராவது அழைத்தால்தான் உள்ளே வர முடியும். 'டிராகுலா' காலத்து விதி. அவனுக்கு ரத்தம் மட்டும் போதாது, உள்ளே பாடும் பையனின் பாட்டும் வேண்டும். "என்னோடு வந்தால் எல்லோரும் சமம்" என்று ஆசைகாட்டுகிறான். வெளியே நிறவெறி பிடித்த ஊர். கதவைத் திறக்கலாமா என்று ஒரு நிமிடம் நமக்கே தோன்றுகிறதே, பயம் அங்கேதான். முடிவை ஓ.டி.டி-யில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டைப் பறிக்க வந்தவனின் கதையை எடுத்த கூக்லர், 25 வருடங்கள் கழித்துப் படத்தின் உரிமை தன்னிடமே திரும்ப வேண்டும் என்று வார்னர் பிரதர்ஸிடம் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்.